பைத்தான் லாகிங்: டீபக் வெச்சா டிஸ்க் நிரம்புது, வார்னிங் வெச்சா ஒண்ணுமே தெரியல, நடுவுல எப்படி நிறுத்துறது?

பிறைக்காரன், பினாங்கு

எல்லாருக்கும் வணக்கம். பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரிக்கு பைத்தான்ல ஒரு புரோகிராம் பண்ணி குடுத்துருக்கேன், லைன்ல நிக்கிற டெஸ்டர் மெஷினுங்ககிட்டேர்ந்து ரிசல்ட்டு, டெம்பரேச்சர் எல்லாத்தையும் வாங்கி சர்வருக்கு அனுப்பணும், அவ்ளோதான் வேல. லைனுக்கு ஒரு மினி பிசி, லினக்ஸ் ஓடுது, டிஸ்க் ரொம்ப சின்னது. புரோகிராம் என்ன செய்யுதுன்னு வரி வரியா எழுதி வெக்க பைத்தானோட லாகிங்க யூஸ் பண்றேன். அத செட் பண்ற பேசிக்கான்ஃபிக்ல லெவல் டீபக்னு, அதாவது சின்ன விவரம் கூட விடாம எழுதுன்னு, போட்டு ஓட விட்டா லாக் ஃபைல் ஊதிப்போயி டிஸ்க்கே நிரம்பிடுது. சரின்னு பிரச்சன மாதிரி இருந்தா மட்டும் எழுதுற வார்னிங்குக்கு மாத்துனா ஃபைல் சின்னதாத்தான் இருக்கு, ஆனா ராத்திரி ஒரு டெஸ்டர் பதில் குடுக்காம செத்துப் போச்சுன்னா அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி கூட இல்ல, காலைல வந்து என்னைய கேப்பாங்க, நான் எத காட்டுறது?

எனக்கு வேண்டியது இதுதான். நைட் ஷிஃப்ட் டெக்னீஷியன் பாக்குற ஸ்க்ரீன்ல வார்னிங்கும் அதுக்கு மேல உள்ளதும் மட்டும் வரணும். ஃபைல்ல இன்ஃபோவும், அதாவது வழக்கமா நடக்குற சேதியும், சேந்து வரணும். டெஸ்டர்கிட்ட பேசுற மாடியூலுக்கு மட்டும் டீபக்கும் ஃபைல்ல விழணும். மெசேஜ ஃபைல்ல எழுதுற ஃபைல் ஹேண்ட்லர் ஒண்ணு பண்ணி அதுக்கு செட்லெவல் டீபக்னு குடுத்து பாத்துட்டேன், ஃபைல்ல டீபக் ஒண்ணு கூட வரல, இன்ஃபோவும் வரல. ஹேண்ட்லர்ல டீபக்னு தெளிவா சொல்லியாச்சே, அப்புறம் யார் அத முழுங்குறாங்க?

இன்னொன்னு, மொத்தமா டீபக் வெச்சிருந்தப்ப என் மெசேஜ விட, சர்வருக்கு அனுப்புறதுக்கு உள்ள ஓடுற யூஆர்எல்லிப்3ங்கிற லைப்ரரியோட மெசேஜுதான் ஜாஸ்தி. ஒவ்வொரு தடவ சர்வருக்கு அனுப்புறப்பயும் புது கனெக்ஷன் ஆரம்பிக்கிறேன், 200 (சரியா போச்சுங்கிற பதில்) வந்துச்சுன்னு கத்திக்கிட்டே இருக்கு. அதை மட்டும் வாய மூட வெக்க முடியுமா?

செந்தூல்வாசி, கோலாலம்பூர்

தம்பி, லெவல் ரெண்டு எடத்துல இருக்கு. மெசேஜ மொதல்ல வாங்குற லாகருக்கு ஒண்ணு, அத ஃபைலுக்கோ ஸ்க்ரீனுக்கோ அனுப்புற ஹேண்ட்லருக்கு ஒண்ணு. மெசேஜ் ரெண்டையும் தாண்டுனாத்தான் ஃபைல்ல விழும். கொண்டோவுல வாசல்ல காவல் நிக்கிற கார்ட் ஹவுஸ்காரன் உள்ள விட்டாலும் லாபியில ஆக்சஸ் கார்டு தட்டுனாத்தானே லிஃப்ட் ஏற முடியும், அந்த மாதிரி. நீங்க லாபிய தெறந்து வெச்சுட்டீங்க, ஆனா மெசேஜ் கார்ட் ஹவுஸ்லயே நின்னுடுச்சு. ஏன்னா எல்லா லாகருக்கும் மேல இருக்கிற ரூட் லாகர் இன்னும் வார்னிங்லதான் இருக்குன்னு நெனைக்கிறேன், அதோட டிஃபால்டும் அதுதான்.

உள்ளுக்குள்ள எல்லாம் நம்பர்தான். டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. மெசேஜோட நம்பர் லாகரோட நம்பருக்கு சமமாவோ மேலயோ இருந்தா உள்ள போகும், கம்மின்னா அங்கயே போச்சு, ஹேண்ட்லருக்கு சேதியே தெரியாது. புதுசா ஒரு லாகர் செஞ்சா அதோட நம்பர் 0, பேரு நாட்செட், அப்படின்னா எனக்குன்னு ஒண்ணும் இல்ல, எங்கப்பாகிட்ட கேட்டுக்கோன்னு அர்த்தம். அப்பா யாருன்னா பேர்ல புள்ளி வெச்சு பிரிக்கிறதுதான், லைன் புள்ளி டெஸ்டர்னு பேர் வெச்சா அதுக்கு அப்பா லைன், அதுக்கும் மேல ரூட். யாராச்சும் ஒருத்தர்கிட்ட லெவல் கெடைக்கிற வரைக்கும் மேல ஏறிக்கிட்டே போகும். உங்க கேஸ்ல ரூட் வரைக்கும் ஏறி 30 வாங்கிட்டு வந்துச்சு, டீபக், இன்ஃபோ ரெண்டும் காலி.

நீங்க செய்ய வேண்டியது, ரூட்டுக்கு இன்ஃபோ, ஸ்க்ரீன் ஹேண்ட்லருக்கு வார்னிங், ஃபைல் ஹேண்ட்லருக்கு லெவலே வெக்க வேணாம், அது 0லயே இருந்துட்டு வர்றத எல்லாம் எழுதட்டும். ரெண்டு ஹேண்ட்லரையும் ரூட்லதான் மாட்டணும். அப்புறம் லைன் புள்ளி டெஸ்டர்ங்கிற லாகருக்கு மட்டும் டீபக். இந்த எடத்துலதான் நெறைய பேருக்கு சந்தேகம் வரும், ரூட் இன்ஃபோவுல இருக்கே, டெஸ்டரோட டீபக் மேல போறப்ப ரூட் தடுக்காதான்னு. தடுக்காது. மெசேஜ் எந்த லாகர்ல பொறந்துச்சோ அங்க மட்டுந்தான் லாகர் லெவல் பாக்குறாங்க. அதுக்கப்புறம் அப்பா, தாத்தான்னு மேல போறப்ப அவங்ககிட்ட மாட்டியிருக்கிற ஹேண்ட்லரோட லெவல மட்டும் பாப்பாங்க, அப்பாவோட சொந்த லெவல யாரும் கேக்க மாட்டாங்க. அதனால டெஸ்டரோட டீபக் ஃபைலுக்கு போயிடும், ஸ்க்ரீன் ஹேண்ட்லர் வார்னிங்ல இருக்கிறதால அங்க வராது. நீங்க கேட்டது அப்படியே கெடைக்கும்.

யூஆர்எல்லிப்3 தொல்லையும் இதுலயே போயிடும், அது கத்துறது எல்லாம் டீபக், ரூட் இன்ஃபோவுல இருந்தா அங்கயே அடங்கிடும். நாளைக்கு என்னைக்காச்சும் ரூட்டையே டீபக் ஆக்க வேண்டி வந்துச்சுன்னா அப்ப யூஆர்எல்லிப்3ங்கிற பேர்ல லாகர எடுத்து அதுக்கு மட்டும் வார்னிங் வெச்சுடுங்க.

ரெண்டு பொறி இருக்கு, சொல்லிடறேன். பேசிக்கான்ஃபிக்க கூப்பிடறதுக்கு முன்னாடி வேற எவனாச்சும், ஏதாவது லைப்ரரின்னு வெச்சுக்கோங்க, ரூட்ல ஒரு ஹேண்ட்லர மாட்டியிருந்தா உங்க பேசிக்கான்ஃபிக் ஒண்ணுமே செய்யாது, எரரும் வராது, சத்தமே இல்லாம திரும்பிடும். பைத்தான் 3.8லேர்ந்து ஃபோர்ஸ் ட்ரூன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத குடுத்தா பழச கழட்டிட்டு புதுசா மாட்டும். அடுத்தது, லாகிங் செட்டிங் எல்லாத்தையும் ஒரே டிக்ஷனரில குடுக்குற டிக்ட்கான்ஃபிக் யூஸ் பண்றவங்களுக்கு, அதுல டிஸேபிள் எக்ஸிஸ்டிங் லாகர்ஸ்னு ஒண்ணு டிஃபால்டாவே ட்ரூவுல இருக்கும், இம்போர்ட் ஆகறப்பயே பொறந்த லாகருங்க உங்க கான்ஃபிக்ல பேர் இல்லாட்டி ஊமையாயிடும். அத ஃபால்ஸ்னு மாத்தாம யாரும் டிக்ட்கான்ஃபிக் எழுதாதீங்க, எத்தனையோ பேர் இதுல அரை நாள தொலைக்கிறத பாத்துட்டேன்.

ஜெலுத்தோங் அக்கா, பினாங்கு

செந்தூல் தம்பி சொன்னபடி செஞ்சா வால்வு எல்லாம் சரியா தெறக்கும், ஆனா உள்ள ஓடுற தண்ணி நல்லா இருக்கணும் இல்லையா, அத யாரும் பேசல. எந்த மெசேஜுக்கு எந்த லெவல்னு எழுதுறப்பயே ஒழுங்கா முடிவு பண்ணலன்னா வெளிய எத்தன செட்லெவல் வெச்சாலும் பிரயோஜனம் இல்ல. நான் ரொம்ப வருஷமா ஃபேக்டரி சிஸ்டம்லதான் இருக்கேன், இத மனசுல பட்டத அப்படியே சொல்றேன்.

முன்ன நான் வேல பாத்த ஒரு எடத்துல, பேர் வேணாம், கனெக்ஷன் ஒரு தடவ தவறுனாலே எரர்னு எழுதி வெச்சிருந்தாங்க. மெஷின் வார்ம் அப் ஆகறப்ப தவறத்தான் செய்யும், ரெண்டாவது தடவ கேட்டா பதில் வந்துடும். ஆனா ஸ்க்ரீன் பூரா சிவப்பு. லைன் பக்கம் போயி பாத்தா மானிட்டர் ஓரத்துல மஞ்ச பேப்பர் ஒண்ணு ஒட்டி, சிவப்பு வந்தா பரவால்லன்னு மலாய்ல எழுதி வெச்சிருக்காங்க டெக்னீஷியன்ஸ். அவங்கள குத்தம் சொல்லவே முடியாது, ஒரு ஷிஃப்ட் முழுக்க சும்மா சும்மா சிவப்பு வந்தா மனுஷன் வேற என்ன செய்வான். அப்புறம் ஒரு நாள் நெஜமாவே டேட்டா போகாம நின்னப்ப அதுவும் சிவப்புதான், யாரும் எந்திரிச்சு பாக்கல.

அதனால நான் லெவல் வெக்கிறப்ப ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன், இத யார் படிப்பாங்க, படிச்சதும் என்ன செய்வாங்க. எரர்னா ஒரு ஆள் எந்திரிச்சு போயி கைய வெச்சாகணும், இல்லன்னா ஏதோ ஒண்ணு தொலஞ்சு போச்சு. வார்னிங்னா புரோகிராம் தானாவே சமாளிச்சுடுச்சு, ஆனா இதே மாதிரி தொடர்ந்தா யாராச்சும் பாக்கணும். இன்ஃபோன்னா காலைல சூப்பர்வைசர் வந்து என்னப்பா ஆச்சுன்னு கேட்டா பதில் சொல்ல ஆகுறது, லாட், அதாவது ஒரு தொகுதி பீஸ், எத்தன மணிக்கு ஆரம்பிச்சுது, எப்ப முடிஞ்சுது, எத்தன பீஸ் அனுப்புனோம். டீபக் எழுதுனவனுக்கு மட்டும். கிரிட்டிக்கல்ல நான் கிட்டத்தட்ட தொடவே மாட்டேன், புரோகிராமே இனிமே ஓட முடியாதுங்கிறப்ப மட்டும் கடைசியா ஒரு வரி.

ஒரே சம்பவத்துக்கு ஒரே லெவல்னும் கெடையாது. டெஸ்டர் மொத தடவ பதில் குடுக்கலயா, டீபக். மூணாவது தடவையும் குடுக்கலயா, வார்னிங். அந்த லாட்டோட ரிசல்ட்டையே விட்டுட்டு அடுத்ததுக்கு போக வேண்டியதா போச்சா, எரர். எழுதுற வரியையும் பாருங்க தம்பி. கனெக்ஷன் ஃபெயில்னு மட்டும் எழுதுனா ராத்திரில படிக்கிறவருக்கு அதுல என்ன இருக்கு? நான்னா இப்படி எழுதுவேன்:

வார்னிங், டெஸ்டர் 4, 3 தடவ கேட்டும் பதில் இல்ல, 30 செகண்ட் கழிச்சு திரும்ப கேக்கும்

இதுல எந்த மெஷின்னு இருக்கு, எவ்ளோ மோசம்னு இருக்கு, அடுத்து புரோகிராம் என்ன செய்யப் போவுதுன்னும் இருக்கு. டெக்னீஷியன் 30 செகண்ட் பொறுத்து பாத்துட்டு அப்பயும் வரலன்னா கேபிள போயி பாப்பாரு. எக்ஸெப்ஷன் பிடிக்கிற எடத்துல லாகர் புள்ளி எக்ஸெப்ஷன்னு கூப்பிடுங்க, அது எரர் லெவல்லயே எழுதி, எந்த வரில தப்பு நடந்துச்சுன்னு காட்டுற ட்ரேஸ்பேக்கையும் சேத்து குடுத்துடும், எக்ஸெப்ட் பிளாக்குக்கு உள்ள மட்டும் அத யூஸ் பண்ணுங்க.

இன்னொரு முக்கியமான விஷயம். ஆபரேட்டர் கார்ட ஸ்கேன் பண்றாங்கன்னா உங்க டீபக்ல ஐசி (அடையாள அட்டை) நம்பர், பேரு எல்லாம் விழுதான்னு இன்னைக்கே பாருங்க. வந்த டேட்டாவ அப்படியே டீபக்ல கொட்டுறது எல்லாரும் செய்யறதுதான், ஆனா அந்த ஃபைல யூஎஸ்பில காப்பி பண்ணி வெண்டருக்கு அனுப்புவாங்க, அங்கதான் வெளிய போயிடும். நம்ம மலேசியாவோட தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் 2010லயே வந்தது, 2024ல திருத்துனாங்க, 2025 ஜூன் 1லேர்ந்து தரவு கசிஞ்சா ஆணையர்கிட்ட அறிவிச்சே ஆகணும்னு இருக்கு, அதுக்கு 72 மணி நேரந்தான் கெடு. லெவல் டீபக்தானே, ப்ரொடக்ஷன்ல அணைச்சுத்தான் இருக்கும்னு நம்பி எழுதாதீங்க, என்னைக்காச்சும் ஒருத்தர் அத ஆன் பண்ணுவாரு. ஐசி நம்பர எந்த லெவல்லயும் எழுத வேணாம்.

வங்சா மாஜு, கோலாலம்பூர்

அக்கா சொன்ன ஐசி விஷயம் ரொம்ப சரி. நான் வேற ஒண்ணு சேக்கறேன், லினக்ஸ்னு சொன்னதால. உங்க புரோகிராம சிஸ்டம்டி சர்வீஸா, அதாவது லினக்ஸே ஆரம்பிச்சு பாத்துக்கிற மாதிரி, ஓட்டுறீங்கன்னா ஸ்க்ரீன் ஹேண்ட்லர் எழுதுறது எல்லாம் சிஸ்டம்டியோட லாக்கான ஜர்னலுக்கும் போகும். அப்ப அத படிக்கிற ஜர்னல்சிடிஎல் கமாண்ட்ல மைனஸ் பி வார்னிங்னு குடுத்து வடிகட்டி பாக்கலாம்னு தோணும், ஆனா ஒண்ணும் வராது. ஏன்னா ஸ்டாண்டர்ட் அவுட்புட்டு, எரர் அவுட்புட்டு எதுல வந்தாலும் சிஸ்டம்டி அத இன்ஃபோன்னே முத்திர குத்தி வெச்சுக்கும், வரிக்குள்ள நீங்க எரர்னு எழுதியிருக்கிறத அது படிக்காது.

வழி என்னன்னா வரியோட தொடக்கத்துல கோண அடைப்புக்குள்ள ஒரு நம்பர் போட்டு விடலாம், எரருக்கு 3, வார்னிங்குக்கு 4, இன்ஃபோவுக்கு 6, டீபக்குக்கு 7. சிஸ்டம்டி அத படிச்சு முத்திரைய மாத்திக்கும். வரிய வடிவமைக்கிற ஃபார்மேட்டர்ல ஒரு சின்ன மேப் வெச்சா போதும். இங்க கவனமா இருக்கணும், இது சிஸ்லாக்ங்கிற பழைய லாக் முறையோட நம்பர், பைத்தானுக்கு நேர் தலைகீழ். 1980கள்ல எரிக் ஆல்மன் சென்ட்மெயில்ங்கிற மெயில் புரோகிராமுக்காக சிஸ்லாக் எழுதினாரு, அந்த வரிசைல 0தான் எமர்ஜென்சி, 7 டீபக், நம்பர் கொறைய கொறைய ஆபத்து ஜாஸ்தி. பைத்தான்ல நம்பர் ஏற ஏற ஆபத்து. ரெண்டையும் ஒரே புரோகிராம்ல கலக்கறப்ப பெருசா சின்னதான்னு கம்பேர் பண்ற எடத்துல மாறிப் போச்சுன்னா எரர் எல்லாம் மறைஞ்சு டீபக் மட்டும் வரும்.

பிறைக்காரன், பினாங்கு

செந்தூல் அண்ணே, அப்படியே செஞ்சேன், வேல செய்யுது. ஸ்க்ரீன் இப்ப அமைதியா இருக்கு, ஃபைல்ல டெஸ்டர் டீபக் வருது. அக்கா, நீங்க சொன்ன அப்புறம் தேடுனேன், ஆபரேட்டர் ஐடி ஒரு எடத்துல விழத்தான் செஞ்சுது, எடுத்துட்டேன், மெசேஜ் வரியெல்லாம் ஒண்ணொண்ணா மாத்திக்கிட்டு இருக்கேன். வங்சா மாஜு அண்ணே, சர்வீஸாத்தான் ஓடுது, கோண அடைப்பு நம்பர் போட்டதும் வார்னிங் தனியா வடிகட்டி வருது.

இப்ப மிச்சம் ரெண்டு கேள்வி. டெஸ்டர் டீபக் மட்டுமே ஒரு நாளைக்கு நெறைய சேருது, டிஸ்க் மறுபடி நிரம்பிடுமோன்னு பயம். எனக்கு உண்மையில டீபக் எப்பவும் தேவையில்ல, எரர் வந்தா அதுக்கு முன்னாடி நடந்த கொஞ்சம் மட்டும் இருந்தா போதும். அப்படி முடியுமா? அப்புறம் சர்வீஸ நிறுத்தாம லெவல மாத்த வழி இருக்கா, நிறுத்துனா லைன்ல ஓடுற லாட்டு பாதில நிக்கும்.

வங்சா மாஜு, கோலாலம்பூர்

மொத கேள்விக்கு மெமரி ஹேண்ட்லர்னு ஒண்ணு லாகிங் புள்ளி ஹேண்ட்லர்ஸ்லயே இருக்கு. மெசேஜ எல்லாம் மெமரில வெச்சுக்கிட்டு எரர் வந்ததும் மொத்தமா ஃபைலுக்கு தள்ளும். டார்கெட்னு உங்க ஃபைல் ஹேண்ட்லர குடுக்கணும், அந்த ஃபைல் ஹேண்ட்லர ரூட்ல நேரா மாட்டக் கூடாது, மாட்டுனா ரெண்டு தடவ எழுதும். இன்ஃபோவுக்கு தனியா வேற ஃபைல் வெச்சுக்கோங்க.

செந்தூல்வாசி, கோலாலம்பூர்

அதுல ஒரு விஷயம் இருக்கு, அத சொல்லாம விட்டா தம்பியோட டிஸ்க் பழையபடி நிரம்பும். மெமரி ஹேண்ட்லருக்கு கெப்பாசிட்டின்னு ஒரு நம்பர் குடுப்போம்ல, அது நிறைஞ்சுட்டா எரர் வரலன்னாலும் எல்லாத்தையும் ஃபைல்ல கொட்டிடும், பழச தூக்கிப் போடாது. அப்ப கடைசில எல்லா டீபக்கும் ஃபைலுக்கு போயிடுது, கொஞ்சம் லேட்டா போகுது, அவ்ளோதான். உங்களுக்கு வேண்டியதுக்கு அந்த கிளாஸ வெச்சு இன்னொரு கிளாஸ் பண்ணி எப்ப ஃபைல்ல கொட்டணும்னு முடிவு பண்ற ஷுட்ஃப்ளஷ்ங்கிற ஃபங்ஷன மட்டும் மாத்தி எழுதுங்க. அதுக்குள்ள, மெமரில சேந்தது (பஃபர்) கெப்பாசிட்டிய தாண்டுச்சுன்னா மொத மெசேஜ டெலீட் பண்ணணும், வந்த மெசேஜ் எரராவோ அதுக்கு மேலயோ இருந்தா மட்டும் ட்ரூ திருப்பணும். நாலு வரிதான். கூடவே ஃப்ளஷ் ஆன் குளோஸ்ங்கிறத ஃபால்ஸ் ஆக்கிடுங்க, இல்லன்னா புரோகிராம் நிக்கிறப்ப மிச்சம் உள்ளத எல்லாம் எழுதிட்டுத்தான் போகும்.

டிஸ்க்குக்கு இன்னொரு காவலும் வேணும், ஃபைல் ஒரு அளவ தொட்டதும் புதுசு ஆரம்பிச்சு பழசுல சிலத மட்டும் வெச்சுக்கிற ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லர். மேக்ஸ்பைட்ஸ் 5 எம்பி, பேக்கப்கவுண்ட் 5ன்னு வெச்சா ஓடுற ஃபைலோட சேத்து 30 எம்பிக்கு மேல போகவே போகாது. ரெண்டு நம்பரையும் கண்டிப்பா குடுக்கணும், ஒண்ணு 0ல இருந்தாலும் ரொட்டேஷனே நடக்காது, டிஃபால்ட் ரெண்டுமே 0.

டீபக் லைன் எழுதுறப்ப, வேல்யூவ வரிக்குள்ளயே நேரா சேக்குற எஃப் ஸ்ட்ரிங் வேணாம். எஃப் ஸ்ட்ரிங்னா லெவல் அணைச்சு இருந்தாலும் வரிய கட்டி முடிச்சுட்டுத்தான் லாகர்கிட்ட குடுக்கும். பர்சென்ட் எஸ் போட்டு வேல்யூவ தனியா குடுத்தா, யாராச்சும் எழுதப் போறாங்கன்னா மட்டுந்தான் வரியே கட்டப்படும். ஆனா அந்த வேல்யூவ எடுக்குறதுக்கே ஒரு பெரிய ஃபங்ஷன கூப்பிடறீங்கன்னா அது எப்படியும் ஓடிடும், அந்த மாதிரி எடத்துல அந்த லெவல் ஆன்ல இருக்கான்னு இஸ்எனேபிள்ட்ஃபார்ல கேட்டுட்டு அப்புறம் கூப்பிடுங்க. மினி பிசில இது நல்லாவே தெரியும்.

ஜெலுத்தோங் அக்கா, பினாங்கு

நிறுத்தாம மாத்துறதுக்கு நாங்க சிக்னல்தான் யூஸ் பண்றோம், ஓடுற புரோகிராமுக்கு வெளியேர்ந்து குடுக்குற ஒரு தட்டு. புரோகிராம் ஆரம்பிக்கிறப்ப சிக்யூஎஸ்ஆர்1ங்கிற சிக்னலுக்கு ஒரு ஃபங்ஷன பதிஞ்சு வெச்சுடணும், அது வந்ததும் டெஸ்டர் லாகரோட லெவல் டீபக்ல இருந்தா இன்ஃபோவுக்கும், இன்ஃபோவுல இருந்தா டீபக்குக்கும் மாத்தணும். மாத்துனதும் வார்னிங் லெவல்ல ஒரு வரி எழுதுங்க, டீபக் ஆன் ஆச்சு, ஆஃப் ஆச்சுன்னு. அந்த வரி ஸ்க்ரீன்லயும் வர்றதால ஆன் பண்ணிட்டு மறந்து வீட்டுக்கு போயிட முடியாது. சிஸ்டம்சிடிஎல் கில்ங்கிற கமாண்ட்ல சிக்னல் பேரும் சர்வீஸ் பேரும் குடுத்தா போயி சேந்துடும்.

பதியறத மெயின் த்ரெட்லதான் செய்யணும், வேற த்ரெட்ல செஞ்சா பைத்தான் எரர் குடுக்கும். புரோகிராம் எழுந்ததும் மொத வேலையா பதிஞ்சுடுங்க, ஏன்னா பதியாத புரோகிராமுக்கு அந்த சிக்னல் போச்சுன்னா லினக்ஸ் அத அங்கயே கொன்னுடும், நீங்க பயந்த மாதிரியே லாட்டு பாதில நின்னுடும். பழைய வெர்ஷன் ஓடுற லைன் ஏதாச்சும் இன்னும் இருந்துச்சுன்னா எல்லா பிசிக்கும் ஒரே ஸ்கிரிப்ட்ல சிக்னல் அனுப்பாதீங்க, மொதல்ல எது எதுல புது வெர்ஷன் இருக்குன்னு பாத்துக்கோங்க. அதுக்கு வசதியா ஸ்டார்ட் ஆகறப்பயே வெர்ஷன் நம்பரும் அப்ப உள்ள லெவலும் இன்ஃபோவுல ஒரு வரி விழுற மாதிரி வெச்சுடுங்க.

விண்டோஸ்ல ஓடுற பிசி இருந்தா சிக்யூஎஸ்ஆர்1 அங்க கெடையாது, அதுக்கு ஒரு சின்ன கான்ஃபிக் ஃபைல் வெச்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ படிச்சு லெவல மாத்திக்கலாம்.

பிறைக்காரன், பினாங்கு

எல்லா லைனும் லினக்ஸ்தான் அக்கா, ஆனா ரெண்டு லைன்ல பழைய வெர்ஷன் ஓடுது, நல்லவேள சொன்னீங்க. ஞாயித்துக்கிழம லைன் நிக்கிறப்ப மொதல்ல அந்த ரெண்டையும் மாத்திட்டு அப்புறந்தான் சிக்னல் ஸ்கிரிப்ட போடுவேன். ஷுட்ஃப்ளஷ் மாத்தி எழுதி கெப்பாசிட்டி 500 வெச்சு என் லேப்டாப்ல ஓட்டி பாத்தேன், கேபிள புடுங்குனதும் எரரும் அதுக்கு முன்னாடி நடந்ததும் ஃபைல்ல வரிசையா வந்துச்சு, புடுங்காத வரைக்கும் அந்த ஃபைல் காலியாவே இருக்கு. ரொம்ப நன்றி.